நூற்றுப் பதினாறாவது அடி

ஜனவரி 6, திங்கள்

ஆதிரைக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஊசி போட்டதற்கு அவள் அழுததைவிட நான் அழுததுதான் அதிகம். நர்ஸ் என்னை ஓரமாக உட்கார வைத்து, "ராத்திரி தூங்குறியாம்மா?" என்றார். குழந்தை மூச்சு விடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதைச் சொன்னேன். "மனசுல ஓடுறத ஒரு நோட்டுல எழுதி மூடி வை. கவலை நோட்டுக்குள்ள கெடக்கட்டும், நீ வெளிய வந்துடு" என்றார்.

சுதாகருக்குப் பட்டறையில் கொடுத்த டைரி இது. முதல் பக்கத்தில் லேத் மெஷின் படம். எழுதி மூடி வைக்கிறேன்.

காய்ச்சல் இல்லை. மூச்சு நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

ஜனவரி 8, புதன்

விடுதித் தோழி ஜெபக்கனி ஒரு அறிவிப்பை அனுப்பியிருக்கிறாள். கூடவே குரல் செய்தி.

"ஏட்டி மங்க, இத முழுசா வாசி. விளையாட்டு ஒதுக்கீட்டுல கிளார்க் வேல. நீளம் தாண்டுதலுக்கு ஒரு இடம் இருக்கு. அஞ்சு மீட்டர் முப்பது தாண்டணும், மூணு வாய்ப்பு. மார்ச் எட்டு, உங்க திருச்சியிலயே வச்சுத்தான். வயசு இருபத்தெட்டுக்குள்ள. உனக்கு ஜூன்ல முடியுதுல்லா? பொறவு அழுதா நான் வர மாட்டேன், சொல்லிட்டேன்."

சுதாகரிடம் கேட்கவைத்தேன். பல் துலக்கிக்கொண்டே கேட்டார். நுரையைத் துப்பிவிட்டு, "உன் பெஸ்ட் எவ்வளவு?" என்றார்.

"அஞ்சு அறுபத்திரண்டு. அது ஏழு வருஷத்துக்கு முன்னாடி. ஒரு பிரசவத்துக்கு முன்னாடி."

"முப்பத்திரண்டு சென்டிமீட்டர் உன் மக எடுத்துக்கிட்டான்னு வெச்சுக்க. அப்பவும் சரியா நிக்குதே!"

லேத்தில் வேலை பார்ப்பவருக்கு எல்லாமே அளவுதான். ஆனால் மூன்று மாதமாக நான் மாடியில் ஸ்கிப்பிங் ஆடுவதை அவரும் கவனித்திருக்கிறார் போல. நிரந்தர வேலை. பட்டறை மூடுமோ மூடுமோ என்று அவர் பயப்படாமல் இருக்கலாம். இதைவிட்டால் எனக்கு வேறு வாசல் இல்லை.

ஜனவரி 10, வெள்ளி

துணி காயப்போட்டுவிட்டு மாடியை அடியால் அளந்தேன். ஒரு பாதத்தின் விரல் நுனியில் அடுத்த பாதத்தின் குதிகாலை ஒட்டி ஒட்டி வைத்து நடப்பது. நீளம் தாண்டுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. ஓடிவரத் தொடங்கும் இடத்தை அப்படி அளந்துதான் குறி வைப்போம். டேப் பிடித்து அளப்பதைவிட அதுதான் எங்களுக்கு நம்பிக்கை.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கொடிக்கயிறு வாங்க அளந்தபோது மாடி நாற்பது அடி இருந்தது. இன்று முப்பத்தொன்பது. மாடி எங்கே சுருங்கும்? எண்ணிக்கை எப்போதுமே எனக்குத் தகராறு.

சாயங்காலம் இதைச் சொன்னதற்கு சுதாகர் சிரித்தார். "உனக்கா எண்ணிக்கை தகராறு? பின்னாடி வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்து எண்ணுறவ நீ."

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய சாமான் பெட்டியை இறக்கினோம். எரிக்க ஒன்றும் அகப்படவில்லை, அடியில் ஆணி வைத்த என் பழைய ஓட்ட ஷூ, ஸ்பைக்ஸ்தான் அகப்பட்டது. நீல நிறம், ஐந்தாம் நம்பர், இடது காலில் ஒரு ஆணி இல்லை.

அதை மோந்து பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. ரப்பரும் மணலும் வியர்வையும் கலந்த அந்த வாடை வந்ததும் விளையாட்டு விடுதியின் பின்வாசல் வந்துவிட்டது. காலை ஐந்தே காலுக்குக் கேழ்வரகுக் கூழ், ஆளுக்கு ஒரு வாழைப்பழம், இருட்டில் யாருடைய பாவாடை நாடாவையோ என்னுடையது என்று இழுத்து வாங்கின அடி, எல்லாமும்.

இந்த ஒரு ஜோடியைத்தான் நானும் ஜெபாவும் பாதிப் பாதிப் பணம் போட்டு வாங்கினோம். இரண்டு பேருக்கும் ஐந்தாம் நம்பர். ஒருத்தி போட்டுக்கொண்டு தாண்டுவாள், மற்றவள் வெறுங்காலில் நடந்து அவளுக்கும் சேர்த்து அடி அளந்து குறி வைப்பாள். "என் அடிதாம்ட்டி உன் அடி" என்பாள் ஜெபா. பாதத்தைப் பாதத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது.

இன்று போட்டுப் பார்த்தேன். இறுக்கிப் பிடிக்கிறது. பிரசவத்து வீக்கம் இன்னும் வடியவில்லை போல.

ஜனவரி 20, திங்கள்

பயிற்சி தொடங்கி ஐந்து நாள். சுதாகருக்கு இரண்டாம் ஷிப்ட் என்பதால் காலையில் அவர்தான் ஸ்கூட்டரில் எங்கள் இருவரையும் மைதானத்துக்குக் கொண்டுபோகிறார். மணல் குழியில் நாய் படுத்திருந்தது. அது எழுந்து போனதும் அது விட்டுப்போனதை எல்லாம் பொறுக்கி, மணலைக் கொத்திவிட்டு, தாண்ட ஆரம்பித்தேன்.

நான்கு எழுபது.

பால் கட்டிக்கொண்டு சட்டை நனைந்துவிட்டது. குழந்தை வேப்பமரத்தடியில் அப்பா மடியில் இருந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையைத் தட்டியது. நான்கு எழுபதுக்குக் கைதட்டிய முதல் ஆள்.

ஜனவரி 21, செவ்வாய்

தூங்கினேன். மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெபா ஒரு பள்ளிக்கூடத்தில் பேசிய வீடியோ. அந்தப் பள்ளிக்காரர்கள் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு இப்போது மதுரையில் வங்கி வேலை. மாநில அணிக்கு இரண்டு முறை தாண்டியவள். ஞாயிறானால் எங்காவது கூப்பிட்டுவிடுகிறார்கள்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியின் கதையைத்தான் சொல்கிறாள். நானும் இருந்த கதை. பிள்ளைகளுக்கு முதலில் புரியவைக்கிறாள்: குழிக்கு முன்னால் ஒரு பலகை பதித்திருக்கும். அதில் காலை ஊன்றி எம்ப வேண்டும். பலகையைத் தாண்டி ஒரு விரற்கடை கால் போனாலும் பவுல். எவ்வளவு தூரம் தாண்டினாலும் கணக்கில் இல்லை.

"மொத தாவல் பவுல். ரெண்டாவதும் பவுல். மூணாவதும் போச்சுன்னா பெட்டியக் கட்ட வேண்டியதுதான். அப்ப எனக்கு ஒண்ணு தோணிச்சு. பலகை நகராது, மக்கா. அது அங்கனயேதான் கெடக்கும். நாமதான் பின்னால போவணும். குறியில இருந்து ரெண்டரை அடி பின்னால போய் நின்னேன். ஓடுனேன். அஞ்சு எம்பத்தாறு!"

பிள்ளைகள் கத்துகிறார்கள். ஜெபா கையைக் காட்டி அமர்த்துகிறாள்.

"இன்னொண்ணு கேளுங்க. அன்னைக்கு எனக்கு ரிலே ஓட்டம் இருந்ததால அடி அளந்து வச்சது என் கூட்டுக்காரி மங்கை. அவ சரியாத்தான் வச்சா. நாந்தான் அவசரத்துல ஒவ்வொரு எட்டையும் நீட்டி வச்சு ஓடிட்டேன். தோத்தா மொதல்ல உன் காலப் பாரு. அடுத்தவ கையப் பாக்காத."

வீடியோவை நிறுத்திவிட்டு இட்லிக்கு மாவு கரைத்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஐந்து மீட்டர் இரண்டு சென்டிமீட்டர். நூற்றுப் பதினான்கு அடியில் குறி வைத்தால் பலகையில் கால் சரியாக விழுகிறது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை. கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜெபாவைப் பற்றி எழுத வேண்டும். வீடியோ பார்த்ததிலிருந்து அவள் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டே இருக்கிறாள்.

மற்றவர்கள் தாண்டும்போது ஜெபா பார்க்க மாட்டாள். குழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை வாருவாள். "அவ தூரத்தப் பாத்து நான் என்ன செய்ய? எனக்கு என் சடைதான் முக்கியம்" என்பாள். தோற்ற நாளில் முதல் வேலையாக ஜெயித்தவளிடம் போய்க் கையைக் கொடுத்துவிட்டு வருவாள். பிறகு குழாயடியில் ஸ்பைக்ஸைக் கழுவுவாள். கழுவி முடிக்கும் வரைதான் அழுகை. ஸ்பைக்ஸை வெயிலில் வைத்துவிட்டால் அழுகை முடிந்தது, பசிக்க ஆரம்பித்துவிடும். மெஸ்ஸில் என் முட்டையையும் சேர்த்துத் தின்பாள்.

நான் அப்படி இல்லை. எல்லோர் தூரத்தையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொள்வேன். யார் எந்தத் தாவலில் எவ்வளவு, கூட்டல் கழித்தல் எல்லாம் கையில் இருக்கும். வியர்த்தால் நீலமாக ஒழுகும்.

ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் இரண்டு இரவு போவோம். கழிவறைப் பக்கம் செய்தித்தாள் விரித்து, என் காலில் அவள் தலை, அவள் காலில் என் தலை. அந்தக் கால்களுக்கு நடுவில் ஸ்பைக்ஸ் பை. யாரும் திருடிவிடக் கூடாது என்று கயிற்றின் ஒரு முனை அவள் மணிக்கட்டில், மறுமுனை என் மணிக்கட்டில்.

அந்த மாதிரி இன்னொரு ஆளோடு இனி இந்த ஜன்மத்தில் நான் தூங்கப்போவதில்லை. சுதாகர் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார்.

பிப்ரவரி 17, திங்கள்

ஆதிரைக்குச் சளி. பயிற்சி இல்லை. மூச்சு நாற்பது. மறுபடி எண்ணினேன், முப்பத்தெட்டு.

பிப்ரவரி 18, செவ்வாய்

அந்தப் பல்கலைக்கழகப் போட்டியன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஜெபாவின் கணக்கு நூற்றுப் பதினெட்டு அடி. நான் வெறுங்காலில் அளந்துகொண்டு போனேன். பக்கத்தில் ஒலிபெருக்கி அலறியது. வெயில். எனக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. நூற்றுப் பதினாறிலேயே குறிக்கான டேப்பை ஒட்டிவிட்டேன். ஓட்டம் இரண்டு அடி குறைந்தால் எம்பும் கால் இரண்டு அடி பலகையைத் தாண்டித்தான் விழும்.

அவள் முதல் தாவலில் பவுல் ஆனபோதுதான் எனக்கு உறைத்தது. சொல்லியிருக்கலாம். நான் அப்போது முதலிடத்தில் இருந்தேன். உள்ளங்கையில் எழுதியிருந்தது. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவைக்கு முன்பும் சொல்லவில்லை. அப்போது யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை.

கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். நான் மூன்றாவது. அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

எண்ணிக்கை தவறுவது யாருக்கும் நடக்கக்கூடியதுதான்.

பிப்ரவரி 26, புதன்

ஐந்து இருபத்தெட்டு! சுதாகர் டேப்பை மூன்று தடவை பிடித்துப் பார்த்தார். "ரெண்டு சென்டிமீட்டர்தானே, முடியை வெட்டாம விட்டா அதுவே எட்டிடும்" என்றார். ஆதிரை மணலைத் தின்றுவிட்டாள். பயந்து டாக்டருக்குப் போன் செய்தேன். "கொஞ்சம்தானே? விடுங்க" என்றார்.

மார்ச் 5, புதன்

சனிக்கிழமை ஜெபா வருகிறாளாம். "நான் இல்லாம நீ தாண்டிருவியாட்டி?" என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மார்ச் 8, சனி

எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஜெபா மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், அதே சடை. வந்ததும் ஆதிரையைப் பிடுங்கிக்கொண்டாள். "இது யாரு ஜாடைட்டி? உன் மூக்கு வரலியே, தப்பிச்சுது" என்றாள். சுதாகரைப் பார்த்து, "அண்ணே, இவ ஒழுங்கா சோறு போடுதாளா? விடுதியில சுடுதண்ணியவே கரியவிட்டவ" என்றாள். அவர் ஒரே மகிழ்ச்சியாகிவிட்டார்.

பதினொரு பேர். வரிசையில் நான் ஆறாவது. குறி வைக்கக் கூப்பிடும் நேரத்தில் ஆதிரை வீரிட்டு அழ ஆரம்பித்தாள். சுதாகர் தூக்கினாலும் நிற்கவில்லை. பசி. நான் படிக்கட்டுக்குப் பின்னால் துப்பட்டாவை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நீ பாலு குடு. நான் வச்சுட்டு வாரேன். எத்தன?" என்றாள் ஜெபா.

"நூத்திப் பதினாலு."

"என் அடிதான உன் அடி." செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வெறுங்காலில் போய்விட்டாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து பார்த்தேன். உதடு அசைய அசைய எண்ணிக்கொண்டு, குதிகாலை ஒட்டி ஒட்டி நடக்கிறாள். வெயில், ஒலிபெருக்கி, எல்லாம் அன்றைக்கு மாதிரியே.

முதல் தாவல். கொடி சிவப்பு. பலகையை மூன்று பாதமாவது தாண்டியிருந்தேன்.

பதற்றம் என்று நினைத்தேன். இரண்டாவதற்கு எட்டைச் சுருக்கி ஓடினேன். கால் இடறி, மறுபடியும் சிவப்பு.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. ஜெபாவுக்கு எல்லாம் தெரியும். ஏழு வருடம் காத்திருந்து திருப்பிக் கொடுக்கிறாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது கூட அப்படித்தான் பட்டது.

ஆத்திரத்தில் ஓரமாக உட்கார்ந்து இடது ஸ்பைக்ஸைக் கழற்றினேன். நகம் விண்விண்ணென்று தெறித்தது. ஜெபா பக்கத்தில் வந்து நின்றாள், வெறுங்காலோடு. தோத்தா மொதல்ல உன் காலப் பாரு. அவளுடைய அந்தக் குரல் ஏன் அப்போது வந்தது என்று தெரியவில்லை. பார்த்தேன். அவள் பாதத்துக்குப் பக்கத்தில் என் பாதம். குதிகாலை ஒட்டி வைத்தேன். என் கட்டைவிரல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு பருப்பளவு.

ஜெபாவும் குனிந்து பார்த்தாள். "ஏட்டி! உனக்குக் கால் வளந்துட்டு!" கத்தியே விட்டாள். "எங்க அக்காவுக்கும் பிள்ள பெத்த பொறவு ஒரு நம்பர் கூடிச்சு. ஏ மூதி, அஞ்சாம் நம்பருக்குள்ள கால நொழச்சிட்டு அலையுத! உன் நூத்திப் பதினாலு வேற, என் நூத்திப் பதினாலு வேற. மூணு அடி பின்னால போ. போ, போ."

வீக்கம் இல்லை. வளர்ந்துவிட்டது. இரண்டு மாதமாக வளர்ந்த காலால் அளந்து பழகியிருக்கிறேன்; அவள் காலால் அளந்தால் அதில் மூன்று அடி குறைந்துவிடும்.

அவள் முகத்தில் ஒரு துளி களங்கம் இல்லை. என் கறுத்த நகத்தைத் தொட்டுப் பார்த்து "ச்சோ" என்றாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஜெபா. அன்னைக்கு உனக்கு நான் ரெண்டு அடி கம்மியா வெச்சேன்."

"என்னைக்கு?"

"நீ சொல்ற கதையில. நீ நீட்டி ஓடல. நூத்திப் பதினாறுலதான் டேப் இருந்துச்சு."

ஆதிரை அவள் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஜெபா அதை விடுவிக்கக்கூட இல்லை. பிறகு என் பெயரை அழைத்தார்கள்.

"பேரு கூப்புடுதாவ. போ" என்றாள்.

குறியிலிருந்து மூன்று அடி பின்னால் போனேன். என் காலால் மூன்று. நின்றேன். பிறகு எனக்கு மணல் வாயில் வந்த பிறகுதான் ஞாபகம்.

வெள்ளைக் கொடி. ஐந்து முப்பத்து மூன்று.

சுதாகர் வேலியைத் தாண்டிக் குதித்து வந்துவிட்டார், அவரும் ஒரு மீட்டர் தாண்டியிருப்பார். மற்றவர்கள் யாரும் ஐந்து இருபதைத் தொடவில்லை. ஜெபா குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். என்னிடம் வந்து கையை நீட்டினாள், ஜெயித்தவளுக்குக் கொடுக்கிற மாதிரி. குலுக்கினேன். "மூணரை பஸ்ஸ விட்டா ராத்திரி ஆயிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிரியாணி சொல்லி வைத்திருந்தோம். அவள் பங்கு அப்படியே இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்பைக்ஸைக் கழுவி மாடியில் வெயிலில் வைத்தேன். அழுகை முடியவில்லை. "வேலை கிடைச்சதுக்கா இப்படி அழுவாங்க?" என்று கீழ்வீட்டு ஷகிலா அக்கா கேட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

சான்றிதழ் சரிபார்க்க வரச்சொல்லித் தகவல் வந்துவிட்டது. சுதாகர் பட்டறையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாராம்.

மதியம் ஜெபா கூப்பிட்டாள்.

"ஒண்ணுதான் கேக்கணும். தெரிஞ்சா வச்ச?"

"இல்ல ஜெபா. எண்ணிக்கை தப்பிடுச்சு. நீ மொத பவுல் ஆனப்பதான் தெரிஞ்சுது. சொல்லாம இருந்துட்டேன். அது என் தப்புதான்."

அந்தப் பக்கம் வங்கியில் டோக்கன் எண் சொல்லும் மணி இரண்டு முறை அடித்தது.

"சொல்லிருக்கலாம்லா" என்றாள். "அஞ்சு வருசமா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி நான் நீட்டி ஓடிட்டேன்னு சொல்லுதேன். எத்தன பிள்ளைகட்ட." பிறகு மூச்சு விட்டாள். "சரி விடு. எண்ணிக்கை தப்புனதுக்கு யார என்ன சொல்ல. எனக்கும் தப்பியிருக்கு. பாப்பா சாப்புட்டுச்சா?"

சாப்பிட்டது என்றேன்.

மன்னித்துவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

கடைவீதிக்குப் போய் ஆறாம் நம்பர் செருப்பு வாங்கினேன். கால் உள்ளே போய் உட்கார்ந்தபோது எவ்வளவு நாளாக நெரித்துக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

துணி எடுக்க மாடிக்குப் போனபோது, செருப்பைக் கழற்றிவிட்டு மாடியை அளந்தேன். முப்பத்தொன்பது. திரும்பி அளந்தேன். முப்பத்தொன்பது. ஆதிரை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூன்றாவது தடவையும் நடந்தேன், வேண்டுமென்றே கவனத்தைக் கலைத்துக்கொண்டு. கீழே ஷகிலா அக்கா வீட்டுக் குக்கர் இரண்டு விசில் அடித்தது. முப்பத்தொன்பது.

ஜனவரியிலும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறேன். கால்தான் மாறியிருக்கிறது.

எனக்கு எண்ணிக்கை தப்பாது. குழந்தையின் மூச்சை எண்ணுகிறவள் நான். பத்துப் பேரின் தூரத்தை உள்ளங்கையில் வைத்திருந்தவள். ஒலிபெருக்கி அலறினாலும், வெயில் அடித்தாலும் தப்பாது. அன்றைக்கும் தப்பவில்லை. நூற்றுப் பதினாறாவது அடியில் நின்றபோது அது நூற்றுப் பதினாறு என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு என்றும் தெரியும். நின்றேன். குனிந்து டேப்பை ஒட்டினேன்.

முதல் பக்கத்திலிருந்து இந்த டைரியைப் புரட்டினேன். தகராறு, தவறிவிட்டது, தப்பிடுச்சு. நோட்டுக்குள் கிடக்கட்டும் என்று நர்ஸ் சொன்னது இதற்கில்லை.

ஜெபாவுக்கு வங்கியில் மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு. இப்போது ஒன்று இருபது, போனை எடுத்து வைத்திருக்கிறேன். ஆதிரை தூங்கிவிட்டாள், மூச்சை எண்ணவில்லை.

இன்னும் இரண்டு அடி பின்னால் போக வேண்டும்.